தைரியம் தேவைப்படாத பிரயாணம்

கிறைஸ்ட்சர்ச்,
செப்டம்பர் 14.

சிரஞ்சீவி கல்யாணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. லைசென்ஸ் வாங்கி இன்னும் ஒரு வருஷம் நிறையாத நீ, உன் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்து, நியூஸிலாந்தின் தென் தீவை நீயே கார் ஓட்டிச் சுற்றிக் காட்ட வேண்டுமென்று ஆசைப்படுவதையும், ஆசைப்பட்ட நாள் முதலாக மலைப்பாதைகளின் படங்களைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெட்டுக் கலங்குவதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறாய். பயத்தைப் போக்கிக்கொள்ள ஒரு வழி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய். அந்தப் பயத்தைப் போக்கிக்கொள்ள வேண்டாம், அம்மா. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் வேளையில் பயம் கையை நடுங்கச் செய்யுமே தவிர ஒரு நல்ல யோசனையும் சொல்லாது என்பது உண்மைதான். ஆனால் அதே பயம், நீ சேலத்தில் உன் வீட்டு மேஜைமேல் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது சொல்கிற யோசனைகளைப்போல விவேகமான யோசனைகளை வேறு எவரும் சொல்ல மாட்டார்கள். ஆகையால் எந்த மாதம் வருவது, எந்தச் சாலையில் போவது, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுவது, எதை ஓட்டாமலே விடுவது என்ற தீர்மானங்களையெல்லாம் அதைக் கலந்துகொண்டு இப்போதே செய்துவிடு. தைரியசாலியாக வேண்டிய அவசியமே நேராதபடி பிரயாணத்தை அமைத்துக்கொள்வதுதான் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு உகந்த வழி என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

முதலில் மாதத்தை மாற்று. பனி பார்க்க வேண்டுமென்று ஜூலையில் வர உத்தேசித்திருக்கிறாய். இங்கே ஜூலை என்பது நடுக் குளிர்காலம், பகல் குறுகியது, மலைக் கணவாய்களில் சாலைமேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கட்டி படர்ந்து, வெயில் படாத வளைவுகளில் நடுப்பகல் வரையிலுங்கூடக் கரையாமல் கிடக்கும். சக்கரங்களுக்குச் சங்கிலி பூட்ட வேண்டிய நாட்களும் உண்டு. பனியையே காணாத ஊரில் ஓட்டப் பழகிய ஒரு பெண் இதையெல்லாம் முதல் பிரயாணத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தம் ஒன்றுமில்லை. பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ வா. பகல் நீண்டிருக்கும், சாலை பெரும்பாலும் உலர்ந்திருக்கும், உயர்ந்த சிகரங்களில் அப்போதும் பனி இருக்கத்தான் இருக்கும். அம்மா அதைத் தூரத்திலிருந்து கண்குளிரப் பார்த்தால் போதும். லைசென்ஸ் பெற்று ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டுமென்று கேட்கும் வாடகைக் கார்க் கம்பெனிகள் இருப்பதால், அதற்குள் உனக்கு வருஷம் நிறைந்துவிடுவதும் ஒரு சௌகரியம். ஊர் லைசென்ஸோடு ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்டர்நேஷனல் பெர்மிட்டையும் வாங்கி வைத்துக்கொள். ஓட்டும்போது லைசென்ஸ் கையில் இருந்தாக வேண்டும் என்பது இங்கே சட்டம்.

நீ அதிகமாகப் பயப்படும் ஒரு விஷயத்துக்குக் காரணமே இல்லை. இங்கேயும் நம் ஊரைப்போலவே இடதுபுறம்தான் ஓட்டுகிறார்கள். காரின் ஸ்டியரிங்கும் வலதுபுறம்தான் இருக்கிறது. ஆட்டோமாட்டிக் கியர் உள்ள சிறிய காராகக் கேட்டு வாங்கிக்கொண்டால், கிளட்சைப் பற்றிய கவலையும் ஒழிந்தது. மாறாக, நீ பயப்படாத சில விஷயங்களில்தான் ஜாக்கிரதை வேண்டும். நம் ஊர்ச் சிக்னல்களில் சிவப்பு விளக்கு எரியும்போதே இடதுபக்கம் திரும்பிவிடும் 'ஃப்ரீ லெஃப்ட்' பழக்கம் இங்கே குற்றம். விளக்கோ அம்புக்குறியோ பச்சையானாலன்றித் திரும்பக் கூடாது. 'ஸ்டாப்' என்று பலகை இருந்தால், எட்டுத் திக்கிலும் ஒரு வண்டிகூடக் கண்ணில் படாவிட்டாலும் சக்கரம் அசையாமல் நின்றுதான் புறப்பட வேண்டும். ரவுண்டானாவில் வலதுபக்கமிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். ஏற்காடு மலைச்சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் நாம் அடிக்கிற ஹாரனை இங்கே வளைவுகளில் ஒருவரும் அடிப்பதில்லை. வளைவுக்கு முன்னால் மஞ்சள் பலகையில் எழுதியிருக்கும் வேகம்தான் இங்கே அந்த ஹாரனின் வேலையைச் செய்கிறது. 35 என்று போட்டிருந்தால், மழையில்லாத பகலில் பழகிய கைக்கு அது போதும்; உனக்கு 30 போதும். குழந்தைகளை ஏற்றவோ இறக்கவோ நிற்கும் பள்ளி பஸ்ஸை எந்தத் திசையிலிருந்து கடந்தாலும் 20 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாதென்ற விதியையும் மனத்தில் பதித்துக்கொள்.

இனித் தூரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். உன் திட்டத்தில் எனக்கு மிகுந்த கவலை அளித்தது அதுதான். கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கிய அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு குவீன்ஸ்டவுனுக்குப் போய்விடுவதாக எழுதியிருக்கிறாய். அது ஏறக்குறைய 480 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் தூரம்தானே என்று நீ கணக்குப் போட்டிருப்பாய். இங்கே ஸ்டேட் ஹைவே என்றால் நம் ஊர் நான்குவழிச் சாலையைப்போல் நடுவே தடுப்புச் சுவர் வைத்த சாலை அல்ல. ஊர் எல்லை தாண்டியதும் போவதற்கு ஒரு தடம், வருவதற்கு ஒரு தடம், நடுவே ஒரு கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்கு அப்பால் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் பால் டாங்கர் லாரிகள் எதிரே வந்துகொண்டிருக்கும். விமானத்தில் இரவெல்லாம் உட்கார்ந்து வந்து, ஏழரை மணி நேரம் முன்னால் ஓடும் கடிகாரத்துக்கு உடம்பு இணங்காமல் தவிக்கும் ஒருத்தி, அந்தச் சாலையில் ஆறு மணி நேரம் ஓட்டுவது எந்த விதத்திலும் தகாது. இறங்கிய அன்றும் மறுநாளும் என் வீட்டில் தங்கு. மூன்றாம் நாள் காலையில், ஊர்ப்புறத்துக் காலிச் சாலைகளில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஓட்டிப் பார். நான்காம் நாள் டெக்காப்போ ஏரிக்குப் புறப்படு. 225 கிலோமீட்டர், உணவுக்கு நின்று போனாலும் பகலோடு போய்ச் சேரலாம்.

அந்த நான்காம் நாளில் பாதித் தூரம் காண்டர்பரி சமவெளியில் நேர்கோடாகப் போகும். நேரான சாலை சுலபமானது என்று எண்ணிவிடாதே. ஒரே வேகத்தில் ஒரே காட்சியைப் பார்த்துப் போகையில் நூறு என்பது அறுபதைப்போலத் தோன்ற ஆரம்பிக்கும். கண் திறந்திருக்கும்போதே கவனம் உறங்கிவிடும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒருமுறை நிறுத்தி இறங்கி நட. டெக்காப்போவில் இரண்டு இரவு தங்கி, இடையில் ஒரு பகல் புகாக்கி ஏரிக்கரையோரமாக 3,724 மீட்டர் உயரமுள்ள ஆவோராக்கி சிகரத்தின் அடிவாரக் கிராமம் வரை போய் வரலாம். மலை உன் முன்னால் வளர்ந்துகொண்டே வரும் அந்தச் சாலையைவிட அழகான சாலையை நான் இந்தத் தேசத்தில் கண்டதில்லை. ஆயினும் படம் எடுப்பதற்காகச் சாலையோரத்தில் நினைத்த இடத்தில் காரை நிறுத்தாதே. அதற்கென்று ஒதுக்கிய இடங்கள் இருக்கின்றன.

அதன் பிறகு, குவீன்ஸ்டவுன் போகும் வழியில், 971 மீட்டர் உயரமுள்ள லிண்டிஸ் கணவாய். ஏற்காடு ஏறி இறங்கிய உனக்கு அது பிரமாதமல்ல. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைத் தாழ்த்திக்கொள் என்று உனக்கு அங்கே சொல்லிக்கொடுத்ததுதான் இங்கேயும். வனாகா வழியாகப் போனால் கிரௌன் ரேஞ்ச் என்ற குறுக்குப் பாதை வரும். அது ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் ஏறி, குவீன்ஸ்டவுன் பக்கம் செங்குத்தான வளைவுகளாக இறங்குவது. அதை விட்டுவிட்டுக் கவராவ் பள்ளத்தாக்கின் வழியே போகும் பெருஞ்சாலையில் போ. குவீன்ஸ்டவுனுக்கு அருகே ஸ்கிப்பர்ஸ் பள்ளத்தாக்குக்குப் போகும் மண்சாலையில் வாடகைக் காரின் இன்ஷூரன்ஸே செல்லாது என்பதால் அந்தப் பக்கம் திரும்பவும் வேண்டாம்.

வழியில் ஒற்றைத் தடப் பாலங்கள் வரும். சிவப்பு வளையத்துக்குள் உன் திசையைக் காட்டும் அம்பு சிவப்பாகச் சிறியதாக இருந்தால், எதிரே வருகிறவர் கடந்த பிறகே நீ ஏற வேண்டும். நீலப் பலகையில் உன் அம்பு வெள்ளையாகப் பெரியதாக இருந்தால் முன்னுரிமை உனக்கு. அப்போதும் எதிரே வண்டி பாலத்தில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு ஏறு.

உனக்குப் பின்னால் வண்டிகள் சேர்ந்துவிடும். அதுதான் புதிதாக ஓட்டுகிறவர்களின் மனத்தை அதிகமாகக் குலைப்பது. பின்னால் இருப்பவர் கோபப்படுகிறாரோ என்ற சங்கோசத்திலேயே வேகத்தைக் கூட்டி விபத்துக்குள்ளானவர்கள் எத்தனையோ பேர். அவருடைய அவசரத்தை நீ வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. மெதுவாகப் போகும் வண்டிகளுக்கென்று அங்கங்கே சாலையை அகலப்படுத்தி வைத்திருக்கிறார்கள். இண்டிகேட்டர் போட்டு இடப்பக்கம் ஒதுங்கி எல்லோரையும் போகவிட்டு, பின்னால் யாரும் வரவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு மறுபடி சேர்ந்துகொள். அம்மாவிடமும் முன்கூட்டியே பேசிவிடு. 'பாத்து, பாத்து' என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து தன்னால் வரும், அன்பினால்தான் வரும். ஆனாலும் வளைவின் நடுவில் அது உன்னைத் திடுக்கிடச் செய்யும். பாலங்களையும் திருப்பங்களையும் முன்னாடியே பார்த்துச் சொல்லும் பொறுப்பை அவளிடம் கொடுத்துவிட்டால் இருவர் மனமும் அமைதியாக இருக்கும்.

கடைசியாக மில்ஃபோர்ட் சவுண்ட் என்ற கடற்கழி. டே ஆனா என்ற ஊரிலிருந்து 118 கிலோமீட்டர். 1935-ல் வெட்ட ஆரம்பித்து 1954-ல் வண்டிகளுக்குத் திறந்துவிட்ட ஹோமர் சுரங்கம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. பாறையைக் குடைந்து 1.2 கிலோமீட்டர் நீளத்துக்கு, பத்தடிக்கு ஓரடி இறக்கமாகச் சரிந்து போவது. வழியின் பெரும்பகுதியில் டெலிபோன் எடுக்காது. உலகத்தில் அவசியம் பார்க்க வேண்டிய ஸ்தலங்களில் ஒன்று மில்ஃபோர்ட் சவுண்ட் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அங்கே நீ கார் ஓட்டிப் போகக் கூடாது என்பதிலும் சந்தேகமில்லை. டே ஆனாவில் காரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போ. வருஷக்கணக்காக அதே பாதையில் ஓட்டிப் பழகிய டிரைவர்கள் கொண்டுபோய் விட்டு, படகில் ஏற்றி, மாலையில் திருப்பி அழைத்து வருவார்கள். சுரங்க வாயிலில் கெயா என்ற பச்சைக் கிளிகள் வந்து, நிற்கும் கார்களின் ரப்பர்ப் பட்டைகளைக் கொத்திப் பிடுங்குவதை அம்மாவோடு சேர்ந்து நீயும் பார்க்கலாம். அந்த மலைகளை அண்ணாந்து பார்க்க உனக்கும் இரண்டு கண்கள் ஓய்வாக வேண்டாமா? தானே ஓட்டிப் பார்த்தால்தான் பிரயாணம் பூர்த்தியாகும் என்று உன் சிநேகிதிகள் சொன்னால் கேட்காதே.

புறப்படும் ஒவ்வொரு காலையிலும் சாலை நிலவரத்தைப் போக்குவரத்துத் துறையின் அறிவிப்பில் பார்த்துக்கொள். அன்றைக்குச் சாலை சரியில்லை என்றாலோ, உனக்கே மனம் சரியில்லை என்றாலோ, அந்த ஊரிலேயே ஒரு நாள் அதிகம் இரு. அதற்காகவே திட்டத்தில் இரண்டு நாட்களைக் காலியாக வைத்துக்கொள். அவசர உதவிக்கு இங்கே 111.

வருவதற்கு முன் வாரம் ஒருமுறையாவது விடியற்காலையில் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏற்காடு ஏறி இறங்கு. மழையிலும் ஓட்டிப் பார். டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது. காரை நான் இங்கிருந்தே ஏற்பாடு செய்கிறேன். அத்தை அம்மாவுக்குக் கம்பளிச் சட்டை பின்ன ஆரம்பித்துவிட்டாள். அளவு அனுப்பச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள மாமா.