சங்கக் கவிதையில் காடும் நாடும்

சங்கப் புலவர்கள் இயற்கையை மட்டுமே போற்றினர் என்னும் எண்ணம் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. அஃது எவ்வளவு பொருந்தும் என்பதை ஈண்டுச் சில சான்றுகளால் ஆராய்வோம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை 301 அடிகளையுடையது. அதில் கரிகாலன் காட்டை அழித்து நாடு கண்டமையும், குளங்கள் அகழ்ந்து வளம் பெருக்கியமையும் அவன்தன் புகழாகவே பேசப்படுகின்றன. காடழித்தலைச் சுட்டப் புலவர் ஆளும் வினையோ 'கொல்' என்பதன் அடியாகப் பிறந்தது. அச்சொல்லுக்கு அழித்தல் என்னும் பொதுப்பொருளும் உண்டாதலின், அதில் இரக்கத்தைத் தேடுதல் மிகையாகலாம். எனினும், நாடு பிறக்கக் காடு மடிந்தது என்னும் உண்மையை அவர் மறைத்திலர்.

புறநானூற்றின் 57ஆம் பாட்டில் காரிக்கண்ணனார், பாண்டியன் நன்மாறனிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றார். பகைவர் வயலைக் கொள்ளையிடினும், ஊரை எரியூட்டினும், காவல்மரத்தை மட்டும் வெட்டற்க என்கின்றார். அவர் கூறும் காரணம், அம்மரங்கள் அரசனின் யானைகளுக்குக் கட்டுத்தறியாகும் ஆற்றல் உடையன அல்ல என்பதாகும். போர்வெறியில் அருளை நினைவூட்டுவதினும், வேந்தன் செவிக்கு ஏற்கும் காரணத்தைச் சொல்லி மரத்தைக் காத்தலே தக்கது எனப் புலவர் கருதினார் போலும்.

அகப்பாடல்களில் நிலை வேறு. நற்றிணை 172இல், விளையாட்டாக மணலில் அழுத்திய விதை முளைத்துப் புன்னையாகின்றது. பாலும் நெய்யும் பெய்து அதனை வளர்க்கின்றனர். அன்னை அம்மரத்தைத் தலைவியின் தங்கை என்கின்றாள். ஆதலின் அதன் நிழலில் தலைவனோடு நகைத்துப் பேச நாணம் தடுக்கின்றது.

இவற்றைக் கொண்டு, புறம் கோடரியின் பக்கம், அகம் மரத்தின் பக்கம் எனப் பிரித்துவிடலாகாது. குறிஞ்சித் தலைவி கிளியோட்டும் தினைப்புனம், காட்டை எரித்துத் திருத்திய நிலமன்றோ? காதல் மலரும் களமே காடழிந்த இடமாக உள்ளது. உழவின்றி வாழ்வில்லை; காடின்றி மழையும் கவிதையும் இல்லை. இம்முரணைத் தீர்க்காமல், இரு பக்கத்தையும் உள்ளவாறே காட்டியமையே சங்கச் சான்றோரின் நேர்மை எனலாம்.

இன்று புன்னையைக் காணாமலே புன்னைப் பாட்டைப் பயில்வோர் பலர். மரம் மறையின் கருப்பொருள் வெறும் அருஞ்சொற்பொருளாகிவிடும். உள்ளுறையும் இறைச்சியும் உயிரிழக்கும். எனவே மாணவர் உரைநூலைக் கற்பதோடு அமையாது, மரத்தடிக்கும் சென்று கற்பாராக.