எண்ணும் இலக்கமும்

இலக்கங்களால் எழுதப்படுவன யாவும் எண்ணாகா. வகுப்பில் 40 மாணவர் உளர் என்னுமிடத்து 40 என்பது தொகையை உணர்த்தும். ஒருவருடைய தொலைபேசி இலக்கமோ எத்தொகையையும் உணர்த்துவதன்று. அஃது அவரைச் சுட்டுதற்கு இட்ட பெயர் போல்வது. இவ்வேறுபாட்டை நாம் எளிதின் உணர்வோம். கணினி தானாக உணராது.

இவ்விழாவின் பொருட்டுப் பழைய மாணவர் விபரங்களைத் திரட்டியபோது, உரைக்கோப்பாக வந்த பட்டியலை ஆராயாது விரிதாளில் திறந்துவிட்டேன். தொலைபேசி இலக்கங்கள் முதற் பூச்சியத்தை இழந்தன. 5/47 என்றிருந்த சேர்விலக்கம் 1947ஆம் ஆண்டு மே மாதமாயிற்று. உடனே கலங்களை ‘உரை’ என்னும் வடிவத்துக்கு மாற்றினேன், இழந்தது மீளவில்லை.

மீளாமைக்குக் காரணம் யாது? ‘பொது’ வடிவிலுள்ள கலம், தன்னுள் வருவது எண்ணோ திகதியோ என ஊகித்து மாற்றியபின் அம்மாற்றத்தையே சேமிக்கின்றது, மூலத்தைச் சேமிப்பதில்லை. 021 எனத் தொடங்கும் இலக்கம் 21 எனத் தொடங்குவதாகும். நம் நாட்டுத் தொலைபேசி இலக்கங்கள் பத்துத் தானமுடையன ஆதலின் பூச்சியத்தை மீளச் சேர்த்தல் கூடும். ஆனால் 5/47 என்பதும் 05/1947 என்பதும் ஒரே திகதியாகிவிட்டபின் முன்னிருந்தது எதுவென எவரும் துணிதல் இயலாது. 12 தானமுடைய அடையாள அட்டை இலக்கமோ ‘பொது’ வடிவில் அடுக்குக்குறியாகச் சுருங்கித் தோன்றும். அதனை அந்நிலையில் மீண்டும் உரைக்கோப்பாகச் சேமிப்பின், தோன்றிய சுருக்கமே எழுதப்படும், எஞ்சியவை ஒழியும்.

இரட்டுற மொழிதலிற் சொல்லின் பொருளை இடம் நோக்கித் துணிகின்றோம். 3/4/1958 என்பதும் அத்தகையதே: ஆங்கில நாட்டு வழக்கில் ஏப்பிரல் 3, அமெரிக்க வழக்கில் மார்ச்சு 4. எழுதியவர் கருத்தைக் கணினி அறியாது. தன் அமைப்பில் உள்ள வழக்கையே கொள்ளும்.

இஃது எம்மனோர்க்கு மட்டும் நேர்ந்த இடர் அன்று. ‘மார்ச் 1’, ‘செப்ற் 2’ எனக் குறியிடப்பட்ட மனித மரபணுக்களை எக்செல் திகதிகளாக மாற்றியது. இத்தவறு 2004ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டப்பட்டது. 2016இல் வெளிவந்த ஆய்வொன்று, எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்த ஆய்வுக் கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கில் இத்தகைய பிழை உண்டெனக் கண்டது. 2020இல் அறிஞர் அம்மரபணுக்களின் குறியீடுகளையே மாற்றினர். மைக்ரோசொப்ற் நிறுவனம் 2023இல் இத்தானியங்கு மாற்றங்களை நிறுத்தும் தெரிவை எக்செலில் வழங்கியது.

இனி, செய்யத்தக்கன கூறுவாம்.

முதலாவது, உரைக்கோப்பை நேரே திறவாது, வெற்று விரிதாளொன்றைத் திறந்து, ‘தரவு’ப் பட்டியிலுள்ள கட்டளையால் அதனுள்ளே கொணர்க. தரவு வகையை ஆராயவேண்டாம் எனத் தெரிவுசெய்யின் யாவும் உரையாகவே வந்தமையும்.

இரண்டாவது, எழுத்துக் குறிமுறையை நோக்குக. அது பிழைப்பின் தமிழ்ப் பெயர்கள் சிதையும்.

மூன்றாவது, ஒவ்வொரு நிரலையும் தனித்தனியே வினாவுக: இதனைக் கூட்டினாற் பொருள் உண்டோ? சந்தாப் பணத்தைக் கூட்டலாம், அது எண். இருவர் தொலைபேசி இலக்கங்களைக் கூட்டிப் பெறும் பயன் யாது? ஆதலின் அஃது உரை. திகதியாயின் நாள், மாதம், ஆண்டு என்னும் ஒழுங்கை நீரே குறித்திடுக.

நான்காவது, மூலக்கோப்பின் படியொன்றைத் தொடாது பேணுக. எனக்கு இறுதியில் உதவியது அதுவே.

வந்ததை வந்தவாறே ஏற்று, பின்னர் உரியவரை வினாவி மாற்றுதலே நல்ல விரிதாளின் முறைமையாகும். ஓர் இலக்கம் பிறழ்ந்தால் அழைப்பு வேறொருவர் வீட்டில் ஒலிக்கும். நம் தோழர் ஒருவர் தம்மைக் கல்லூரி மறந்தது என்றெண்ணி வாளாவிருப்பார். பட்டியலின் ஒவ்வொரு நிரையும் ஒருவரைக் குறிப்பது என்பதை மறவாதிருப்போமாக.