தளவானூர்ப் படமும் சொற்செயலியும்

செஞ்சிப் பகுதியிலுள்ள தளவானூரில், முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குடைவித்த கோயில் ஒன்றுண்டு. சத்துருமல்லேசுவரம் என்பது அதன் பெயர். சத்துருமல்லன் என்பது அவ்வரசன் பூண்ட பட்டங்களுள் ஒன்று. முகப்பு தெற்கு நோக்கியிருக்க, கருவறையோ மண்டபத்தின் மேற்குப் பக்கத்தில் குடையப்பெற்றுக் கிழக்கு நோக்கி நிற்கின்றது. இதனைச் சொல்லால் விளக்கப் புகுவோர் பக்கம் பக்கமாக எழுதியும் நிறைவு பெறார். தரைப்படம் ஒன்றிருப்பின் பார்த்த அளவிலே விளங்கும். கே. ஆர். சீனிவாசன் 1964-இல் வெளியிட்ட பல்லவர் குடைவரை நூலைப் புரட்டியோர் இதனை அறிவர்.

யாமும் வகுப்புக் கட்டுரையொன்றிற்கு அத்தகைய படம் வரைந்தோம். கணிப்பொறித் திரையில் அது செம்மையாகவே தோன்றிற்று. அச்சேறி வந்தபோதோ, முகப்பின் இரு தூண்களும் இரு அரைத்தூண்களும் மைக்கறைகளாய்க் கிடந்தன. கருவறை வாயில் சுவர்க்கோட்டோடு கலந்து மறைந்தது. "இறைவனுக்குப் புறம்போக வழியே இல்லையோ?" என்று எம் ஆசிரியர் வினவினார். குற்றம் அச்சிட்டோர்பால் இல்லை, எம்பாலதே.

திரையிற் கண்ட படத்தை அப்படியே படியெடுத்துச் சொற்செயலியில் ஒட்டியிருந்தோம். பத்துச் சென்டிமீட்டர் அகலமுள்ள அப்படத்தில், அங்குலத்திற்கு 96 புள்ளிகள் வீதம், ஏறத்தாழ 378 புள்ளிகளே இருந்தன. அச்சில் நுண்கோடு தெளிவுற அங்குலத்திற்கு 600 புள்ளியேனும் வேண்டும். அஃதாவது 2,360-க்கு மேல். இல்லாத புள்ளியை எந்த அச்சுப்பொறியும் படைத்துத் தாராது. பண்டை அச்சுக்கூடத்தார் நிழற்படத்திற்கு ஹாஃப்டோன் பிளாக்கும் கோட்டுப்படத்திற்கு லைன் பிளாக்கும் வெவ்வேறாகச் செய்தனர். அவ்வேற்றுமையை மறந்தவர் யாமே.

கோட்டுப்படத்தை வெக்டர் என்பர். அதில் புள்ளிகள் சேமிக்கப்பெறுவதில்லை. ஒரு கோடு எங்குத் தொடங்கி எவ்வாறு வளைந்து எங்கு முடிகின்றது என்னும் கணக்கே சேமிக்கப்பெறும். ஆதலின் எத்துணைப் பெரிதாக்கினும் விளிம்பு சிதையாது. இதற்கென 2001-இல் வகுக்கப்பெற்ற எஸ்.வி.ஜி. என்னும் வடிவமும், 2003-இல் தோன்றிய இங்க்ஸ்கேப் என்னும் இலவச வரைகருவியும் மாணவர்க்கு உற்ற துணை.

எஸ்.வி.ஜி. கோப்பை ஒட்டுதல் தவிர்த்து, 'படம் செருகு' என்னும் கட்டளையால் உட்புகுத்துக. லிபர்ஆபிஸ் அதனை ஏற்கும். மைக்ரோசாப்ட் வேர்டும் 2016-இன் பின்வந்த பதிப்புகளில் ஏற்கும். வேர்டு தன் கோப்பினுள் புள்ளிப்படி ஒன்றையும் சேர்த்தே வைப்பதால், பழைய பதிப்பில் திறப்போர் அப்புள்ளிப்படியையே காண்பர். அன்னோர்க்கு இ.எம்.எஃப். வடிவம் ஏற்றது. ஆயினும் ஒளியூடுருவும் நிழல்கள் அதிற் கெடும். யாம் பாறைப்பகுதியைச் சாயம் பூசாது சாய்கோடுகளாற் காட்டினோம். படத்தைப் பாதியாகச் சுருக்கின் கோட்டின் தடிப்பும் பாதியாகும். கால் பாயிண்டிற்குக் குறைந்தாற் கோடு மறையும்.

தமிழ் எழுத்து மற்றோர் இடர். 'மகரதோரணம்' என்று படத்தில் எழுதினோம். எம் எழுத்துரு இல்லாத கணிப்பொறியிற் சொல் நீண்டு, தோரணத்தின்மேலேயே ஏறி அமர்ந்தது! இங்க்ஸ்கேப்பில் எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிவிடின் இவ்விடர் நீங்கும். பின்னர்த் திருத்த இயலாதாகலின் மூலப்படியொன்றைத் தனியே வைத்துக்கொள்க. இறுதியிற் பி.டி.எஃப். ஆக்கி எண்ணூறு விழுக்காடு பெரிதாக்கிப் பார்த்தல் வேண்டும். விளிம்பு படிக்கட்டுப் போற் காணின் எங்கோ புள்ளிப்படம் புகுந்துளது.

எல்லாவற்றையும் வெக்டராக்கலாமோ எனின், ஆகாது. இக்கோயிலிற் கிரந்த எழுத்தில் வடமொழிச் சாசனமும், தமிழ்ச் சாசனமும் உள. தமிழ்ச் சாசனத்தின் நிழற்படத்தைக் கருவியே தானாகக் கோடாக்குமாறு விட்டோம். மிக அழகிய உருவம் கிடைத்தது. ஆயின் கல்லின் பொத்தல்கள் மெய்யெழுத்தின் புள்ளிகளாகவும், வெடிப்பொன்று எழுத்தின் காலாகவும் மாறியிருந்தன. மங்கிய நிழற்படம் ஐயத்தை ஐயமாகவே காட்டும்; இவ்வுருவமோ இல்லாத எழுத்தைத் துணிந்து காட்டிற்று. அதனை நீக்கி, நிழற்படத்தையே 300 புள்ளி அடர்த்தியில் வைத்தோம். தரைப்படம் மட்டும் வெக்டராக நின்றது. இம்முறை வாயில் தெரிந்தது.