கம்பி போடுமுன் எக்ஸ்ரே

கேள்வி: 12 வயது மகளுக்குப் பல் கம்பி போட, பேராதனைப் பல் மருத்துவமனையில் இரண்டு எக்ஸ்ரே கேட்கிறார்கள். கதிர்வீச்சு ஆபத்தா?
– ஒரு தாய், கட்டுகஸ்தோட்டை

பதில்: பயப்படாமல் எடுங்கள், அம்மா. தாடை முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. படத்தில் சேருவது சுமார் 0.02 மில்லிசீவர்ட். பக்கவாட்டுத் தலைப் படத்தில் இன்னும் குறைவு. மண்ணிலும் காற்றிலும் வானிலுமிருந்து ஒருவருக்கு ஆண்டுக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வருகிறது. இரண்டு படமும் சேர்ந்தால் நாலைந்து நாள் கணக்குத்தான். எலும்புக்குள் புதைந்த வேட்டைப்பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பக்கத்துப் பல்லின் வேரை அரிக்கிறதா என்பதெல்லாம் வாயைத் திறந்து பார்த்துத் தெரியாதே!

முப்பரிமாண சி.பி.சி.டி. ஸ்கேன் கேட்டால் மட்டும் ‘ஏன்?’ என்று தயங்காமல் கேளுங்கள். அதில் அளவு பல மடங்காகலாம். வளரும் பிள்ளைகளைக் கதிர்வீச்சு கூடுதலாகப் பாதிக்கும். முன்பு எடுத்த படங்கள் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள், அதுவே போதுமாகவும் இருக்கலாம்.