மேட்டு நிலத்து எண்ணெய்ப் பீப்பாயும் பள்ளத்துக் கிணறும்

அம்பிட்டியவிலும் அதனைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலும் பயிர் செய்யும் கமக்காரர், நீரிறைக்கும் யந்திரத்துக்கும் உழவு யந்திரத்துக்கும் வேண்டிய டீசலையோ மண்ணெண்ணெயையோ பீப்பாயில் சேமித்து வைப்பராயின், முதலில் அது நிற்கும் இடத்தைக் கவனித்தல் வேண்டும். வீடும் கொட்டிலும் மேட்டில் இருக்க, கிணறும் மரக்கறிப் பாத்தியும் வயலும் கீழே அமைவதே சரிவு நிலத்தின் இயல்பு. மேலே ஒழுகும் எண்ணெய் மழைநீரோடு கீழிறங்கும்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையத்தை அடுத்த கிணறுகளில் எண்ணெய் கலந்தமை வழக்காகி, 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா செலுத்துமாறு மின் உற்பத்திக் கம்பனிக்குக் கட்டளையிட்டது. அங்கு இருந்தவை பெருந்தாங்கிகள். எனினும் ஒரு குடும்பத்தின் கிணற்றைக் கெடுக்க ஒரு பீப்பாயே போதும். நொடிக்கு ஒரு துளி ஒழுகினால் ஒரு நாளில் ஏறக்குறைய 2 லீற்றர் மண்ணிற் சேரும்.

இவ்வொழுக்கைக் கண்டறிய ஒரு நேரான கோலும் சுண்ணக்கட்டியும் போதும். பீப்பாயைச் சமமாக நிமிர்த்தி வைத்து, கோலிற் சுண்ணம் பூசி, அடிவரை விட்டெடுத்து, நனைந்த உயரத்தைக் குறித்துக் கொள்க. 200 லீற்றர்ப் பீப்பாயில் 1 செ.மீ. உயரம் ஏறக்குறைய 2½ லீற்றருக்குச் சமம். அதன்பின் குழாயைப் பூட்டி, இரண்டு நாள் எண்ணெய் எடாது விட்டு மீண்டும் அளக்க வேண்டும். மாலையில் அளந்ததை மறுநாட் காலை அளவோடு ஒப்பிடுதல் தவறு. வெப்பநிலை 10 பாகை குறைந்தால் 200 லீற்றர் டீசல் 1½ லீற்றர் அளவுக்குச் சுருங்கிவிடும். ஆகவே இரு அளவுகளையும் விடியற்காலையிலேயே எடுக்க. மட்டம் உயர்ந்திருப்பின் மகிழ வேண்டாம். மூடி வழியே மழைநீர் புகுந்துள்ளது என்பதே அதன் பொருள். அந்நீர் டீசலின் அடியிலே தங்கி, தகட்டை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்யும்.

மட்டம் குறைந்திருப்பின், அடிவிளிம்பையும் மூட்டுக்களையும் குழாய்ப் பொருத்தையும் நன்கு துடைத்துச் சுண்ணம் தடவுக. கசியும் இடத்தில் வெண்மை கறுத்துத் தோன்றும். மண்மேல் நேரே வைத்த பீப்பாயின் அடியை எவராலும் பார்க்க இயலாது. அதனைச் செங்கல்மீது உயர்த்தி, கீழே தட்டொன்று வைத்தல் நன்று.

ஒழுகும் பீப்பாயிலுள்ள எண்ணெயை உடனே வேறு கலத்துக்கு மாற்ற வேண்டும். சிந்தியதை நீரூற்றிக் கழுவாது, மணலோ மரத்தூளோ இட்டு உறிஞ்சச் செய்து, அம்மண்ணை அகழ்ந்து கிணற்றுக்கு எட்டாத இடத்திற் சேர்க்க. உள்ளே பார்க்க விளக்கோ தீக்குச்சியோ கொண்டு செல்லல் ஆகாது. வெறும் பீப்பாயை ஒட்டவைப்பதற்குத் தீயில் வாட்டுவது மிகக் கொடிது. எஞ்சிய ஆவி வெடித்து உயிரைப் பறிக்கும். பழைய பீப்பாயை மாற்றுவதே மலிவு.

கிணற்று நீரில் எண்ணெய் வாடையோ வானவிற் படலமோ தோன்றின், அதனைக் குடித்தலும் பயிருக்கு இறைத்தலும் நிறுத்தப்பட வேண்டும். கொதிக்க வைப்பதால் எண்ணெய் நீங்காது. பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அன்றே அறிவித்து, நீரைப் பரிசோதிப்பிக்க.