பாட்டின் உரிமையும் வீட்டின் மறைவும்



திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையில் உள்ள நம் ரெட்டியார்சத்திரத்தில் இன்று கைபேசி இல்லாத வீடு அரிது. அந்தக் கைபேசிகளில் பாட்டும் பயானும் கிராஅத்தும் நிறைந்து கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை விலை கொடுத்து வாங்கியவையல்ல; ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு வந்தவை. "ஹஜ்ரத், பாடியவரின் பொருள் எதுவும் குறையவில்லையே, இதில் திருட்டு எங்கே இருக்கிறது?" என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். "மகனுக்குத் தெரியாமல் அவன் போனைத் திறந்து பார்க்கலாமா?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். இவை வேறு வேறு கேள்விகளாகத் தோன்றினாலும் இரண்டின் வேரும் ஒன்றே. அதுதான் ஹக்குல் இபாத் என்னும் அடியார்களின் உரிமை.

பழக்கம் பழையது

1970களின் இறுதியிலும் 1980களிலும் வளைகுடா நாடுகளுக்குச் சென்று திரும்பிய நம்மவர்கள் டேப் ரிக்கார்டர்களைக் கொண்டுவந்தார்கள். கடைவீதிகளில் பாட்டுப் பதிவு செய்து தரும் கடைகள் தோன்றின. வேண்டிய பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருவார்கள். 2015 ஏப்ரல் 8 அன்று மறைந்த நாகூர் ஈ.எம். ஹனிபா அவர்களின் குரல் ஒலிக்காத கல்யாண வீடு அன்று உண்டா? அந்தக் கேசட்டுகளில் விலைக்கு வாங்கியவை எத்தனை, படியெடுத்தவை எத்தனை என்று நாம் கேட்டோமா? கேசட் போய் சி.டி. வந்தது, சி.டி. போய் மெமரி கார்டு வந்தது. இன்று ஒரு விரல் தொட்டால் நூறு பேருக்குப் பாட்டு போய்ச் சேருகிறது. கருவிதான் மாறியதே தவிர மஸ்அலா மாறவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் ஆகியோரின் உரிமை அவர்கள் மறைந்தபின் 60 ஆண்டுகள் வரை நீடிக்கிறது. ஒலிப்பதிவுக்கு, அது வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். தெரிந்தே உரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இலாப நோக்கமில்லாவிட்டால் நீதிபதி தண்டனையைக் குறைக்கலாம். சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்குச் சட்டமே இடம் தருகிறது. ஊருக்கெல்லாம் பகிர்வதற்கு இடம் தரவில்லை. நம் மாநிலத்தில் 1982ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் 2004இல் திருட்டு வீடியோ தொழில் செய்வோரும் சேர்க்கப்பட்டார்கள். அதன்படி ஓராண்டு வரை ஒருவரைத் தடுப்புக் காவலில் வைக்கலாம்.

ஒரு பாட்டுக்கு உரிமையாளர்கள் பலர். 2017 மார்ச்சில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் அவர்களுக்கு இளையராஜா அவர்கள் தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் சென்றதை நாடறியும். பாடியவரே மேடையில் பாடுவதற்கும் இசையமைத்தவரின் அனுமதி வேண்டுமா என்ற கேள்வி அதனால் எழுந்தது. பாடியவர் நிலையே இப்படியென்றால் கேட்பவர் நிலை என்ன?

மார்க்கம் என்ன சொல்கிறது?

இதில் பெரியோர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் போன்ற ஹனஃபி அறிஞர்கள், வெறும் உரிமை என்பது விற்கக்கூடிய பொருளாகாது என்று கருதினார்கள். அவர்களுடைய மகனாரான முஃப்தி தகி உஸ்மானி அவர்களோ, மக்கள் வழக்கத்தில் இது செல்வமாகவே மதிக்கப்படுகிறது என்பதை ஆராய்ந்து, இதற்கு மதிப்புண்டு என்ற முடிவுக்கு வந்தார்கள். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூல் இயற்றியோர், கண்டுபிடித்தோர் ஆகியோரின் உரிமைகள் ஷரீஅத்தில் பாதுகாப்புக்குரியவை, அவற்றில் அத்துமீறல் கூடாது என்று தீர்மானித்தது. இந்தக் கருத்தே பேணுதலுக்கு நெருக்கமானது என்பது நம் எண்ணம்.

"பொருள் குறையவில்லையே" என்போருக்கு நம் திண்டுக்கல் பூட்டையே உதாரணமாகக் கூறுவோம். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறெங்கோ செய்த பூட்டில் ஒருவன் 'திண்டுக்கல்' என்று பொறித்து விற்றால் நம்மூர்த் தொழிலாளியின் பட்டறையிலிருந்து ஒரு பூட்டும் குறைவதில்லை. ஆனால் அவருடைய உழைப்பின் பலன் குறைகிறதல்லவா? பாட்டெழுதியவருக்கும் இதே கணக்குத்தான்.

"இசையே கூடாதென்கிறீர்கள், கூடாத பொருளுக்கு உரிமை ஏது?" என்று வாதிடுவோரும் உண்டு. கூடாதென்று நம்பினால் கேட்காமல் இருக்கட்டும்! கேட்பதற்கு ஆகும், காசு கொடுப்பதற்கு ஆகாது என்பது எந்த மத்ஹபு?

பிடிக்க வருபவருக்கும் வரம்பு உண்டு

உரிமை உடையவன் அதைக் காப்பதற்காக அடுத்தவன் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கலாமா? அமெரிக்காவில் 1999இல் நாப்ஸ்டர் என்னும் பாட்டுப் பரிமாற்ற அமைப்பு தோன்றியது. வழக்கு வந்து 2001இல் அது நின்றது. 2003 முதல் இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் தனி மனிதர்கள் மீதே ஆயிரக்கணக்கில் வழக்குத் தொடுத்தது. இணையத் தொடர்பு தரும் வெரைசான் நிறுவனத்திடம், நீதிபதியின் பார்வைக்கே போகாமல் வாடிக்கையாளரின் பெயரைக் கேட்டது. அவ்வாறு கேட்கச் சட்டத்தில் இடமில்லையென்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003 டிசம்பரில் தீர்ப்பளித்தது. நம் உச்ச நீதிமன்றமும் 2017 ஆகஸ்ட் 24 அன்று, 9 நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அறிவித்தது.

திருமறை இதை என்றோ சொல்லிவிட்டது. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தில் பிறர் குறையைத் துருவித் தேடுவதை அல்லாஹ் தடுத்துள்ளான். அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனத்தில் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லியே பிறர் வீட்டில் நுழையக் கட்டளையிட்டுள்ளான். தம் வீட்டுக் கதவின் துவாரம் வழியே பார்த்த ஒருவரை நாயகம் (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்து, அனுமதி கேட்கும் சட்டமே பார்வையின் காரணத்தால்தான் வந்தது என்று உணர்த்தினார்கள்.

உமர் (ரலி) அவர்களைப் பற்றி நூல்களில் ஒரு நிகழ்ச்சி கூறப்படுகிறது. இரவில் ஒரு வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டுச் சுவரேறி உள்ளே போனார்கள். அங்கே மது இருந்தது. கண்டித்தபோது அந்த மனிதர், தாம் செய்தது ஒரு குற்றம், கலீஃபா செய்ததோ மூன்று என்றார்: துருவி ஆராய்ந்தது, வாசல் வழியே வராதது, ஸலாம் சொல்லாதது. உமர் (ரலி) அவர்கள் அதை ஏற்று விட்டுச் சென்றார்கள். மது ஹலாலாகிவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. குற்றத்தைத் தடுக்கும் வழியும் ஹலாலாக இருக்க வேண்டும் என்பதே பாடம்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

1. தாராளமாகப் பகிருங்கள் என்று உரியவரே அனுமதித்த பயான்களையும் பாட்டுகளையும் தயங்காமல் பகிரலாம். அனுமதி இல்லாதவற்றை உரிய வழியில் மட்டும் கேட்போம்.

2. இலவசமாகப் பாட்டுத் தருவதாக வரும் ஊர் பேர் தெரியாத செயலிகள் நம் தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கின்றன. பாட்டுக்குத் தொடர்பில்லாத அனுமதியைக் கொடுக்காதீர்கள். அந்தப் படங்களில் நம் வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். அந்த எண்கள் பிறர் நம்மிடம் வைத்த அமானிதம்.

3. சிறு பிள்ளைகளின் போனைக் கவனிப்பது பெற்றோரின் பொறுப்பு. ஆனால் பார்ப்போம் என்று முன்பே சொல்லிவிட்டு, அவர்கள் அறியப் பாருங்கள். வளர்ந்த பிள்ளைகளுக்கு உபதேசம் செய்யுங்கள்; தூங்கும்போது அவர்கள் விரலை எடுத்துப் போனைத் திறக்காதீர்கள். கணவன் மனைவிக்கிடையிலும் வெறும் சந்தேகத்தின் பேரில் துருவுவது கூடாது.

4. பகிரக் கூடாததைப் பகிர்ந்தவர் தௌபாச் செய்து, அதை அழித்து, இயன்றவரை உரியவருக்குப் பொருள் போய்ச் சேரும் வழியில் வாங்கட்டும். உரியவர் யாரென்றே தெரியாவிட்டால் அவர் சார்பில் ஸதகா செய்யட்டும்.

தொழுகை, நோன்பு, ஜகாத்துடன் மறுமையில் வந்தும், பிறர் உரிமையைப் பறித்த காரணத்தால் தன் நன்மைகளையெல்லாம் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நிற்பவனே உண்மையான ஓட்டாண்டி என்று பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்கு எச்சரித்துள்ளார்கள். கேட்டு மறந்த ஒரு பாட்டுக்காகவோ, திருட்டுத்தனமாகப் பார்த்த ஒரு செய்திக்காகவோ அன்று நாம் அப்படி நிற்கலாமா?

அடியார்களின் உரிமையைப் பேணி, அவர்களின் மறைவையும் காத்து வாழும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.