லிப்ரே ஆபீஸில் சிக்கலா? எங்கே கேட்பது, எப்படிக் கைகொடுப்பது

லிப்ரே ஆபீஸை நம்மில் பெரும்பாலோர் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்கிறோம். அதனால் கோளாறு வந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு விற்பனையாளர் கிடையாது. 2010 செப்டம்பரில் ஓப்பன் ஆபீஸிலிருந்து கிளை பிரிந்த இந்த மென்பொருளை, பெர்லினில் பதிவு செய்யப்பட்ட ‘தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்’ என்ற அறக்கட்டளை பேணிவருகிறது. உதவி கிடைக்கும் இடங்கள் பல உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைச் சிக்கலுக்கானது. இடம் மாறிக் கேட்டவர்தான் பெரும்பாலும் பதில் கிடைக்காமல் அலுத்துப்போகிறார்.

முதலில் வீட்டுச் சோதனை

‘உதவி’ மெனுவில், பாதுகாப்பு முறையில் மறுதொடக்கம் செய்யும் வசதி இருக்கிறது. அது உங்கள் பழைய அமைப்புகளையும் நீட்சிகளையும் தற்காலிகமாக ஒதுக்கிவிட்டு மென்பொருளைத் திறக்கும். அப்போது கோளாறு காணாமல் போனால், பழுது பெரும்பாலும் உங்கள் அமைப்புகளிலோ நீட்சிகளிலோ இருக்கிறது, நிரலில் இல்லை.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். பழைய கோப்பு முழுக்கக் கிறுக்கலாகத் தெரிந்தால், அது பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் அடித்ததாக இருக்கலாம். அதை யூனிகோடுக்கு மாற்றினால் தீரும். பத்திப் பாணியில் எழுத்துருவை மாற்றியும் தமிழ் மட்டும் அசையவில்லையா? ஆங்கிலம் போன்ற மேலை எழுத்துகளுக்கு ஓர் எழுத்துரு, தமிழ் போன்றவற்றுக்கு வேறோர் எழுத்துரு என்று அந்தப் பெட்டியில் தனித்தனியாகக் கேட்கும். நீங்கள் மாற்றியது முதலாவதை.

எங்கே கேட்பது?

*பயனர் கேள்வி-பதில் தளம்:* ‘இதை எப்படிச் செய்வது?’ என்ற கேள்விகளுக்கு இதுவே சரியான இடம். பதில் சொல்பவர்கள் உங்களைப் போன்ற பயனர்கள். அனுபவம் நிறைய உண்டு, ஆனால் கடமை எதுவும் இல்லை. எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, கோப்பு எந்த வடிவம் என்ற மூன்றையும் முதலிலேயே எழுதினால் எதிர்க்கேள்விகளில் நாள் போகாது.

*பக்ஸில்லா:* இது கோளாறுகளைப் புகாராகப் பதியும் தளம். மென்பொருள் தவறாக நடக்கிறது என்று உறுதியானால் மட்டும் இங்கே வாருங்கள். ‘வேலை செய்யவில்லை’ என்ற ஒற்றை வரி இங்கே செல்லாது. என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்பதைப் படிப்படியாக எழுதி, கோளாறு தெரியும் அளவுக்குச் சிறிய மாதிரிக் கோப்பையும் இணைக்க வேண்டும். இணைத்த கோப்பை உலகமே பார்க்கலாம் என்பதால் பெயர், கணக்கு எண் போன்றவற்றை நீக்கிவிடுங்கள். பாதுகாப்பு ஓட்டை என்று சந்தேகித்தால் இங்கே எழுதாமல் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாகத் தெரிவியுங்கள்.

‘முந்தைய பதிப்பில் சரியாக இருந்தது’ என்று சொல்ல முடிந்தால் அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். இடைப்பட்ட கட்டமைப்புகளைப் பாதி பாதியாகச் சோதித்து, எந்த மாற்றத்தால் கெட்டது என்று சோதனைக் குழுவினர் தேடிப் பிடிக்க அது வழிவிடுகிறது. உங்கள் லினக்ஸ் வழங்கலில் இருப்பது பழைய பதிப்பு என்றால், புதியதில் ஒருமுறை பார்த்துவிட்டுப் புகார் கொடுங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலுமாக ஆண்டுக்கு இரு பெரிய வெளியீடுகள் வருவதால், உங்கள் சிக்கல் ஏற்கெனவே தீர்ந்திருக்கக்கூடும்.

*கட்டணச் சேவை:* நூறு கணினிகள் உள்ள அலுவலகம், அடுத்த வாரத்துக்குள் தீர வேண்டிய கோளாறு என்றால் தன்னார்வலர்களின் ஓய்வு நேரத்தை நம்பி இருக்க முடியாது. அறக்கட்டளை இந்தச் சேவையை விற்பதில்லை. கொலாபரா போன்ற நிறுவனங்கள் விற்கின்றன. அவர்களிடம் நீண்டகாலப் பராமரிப்புள்ள பதிப்பும் கிடைக்கும். நீங்கள் பணம் கொடுத்துச் செய்விக்கும் திருத்தம் பொதுவான மூலநிரலில் சேர்ந்தால் மற்றவர்களுக்கும் அது பயன்படும்.

எப்படிக் கைகொடுப்பது?

பங்களிப்பு என்றதும் நிரல் எழுதுவதுதான் நினைவுக்கு வருகிறது. தொடங்குவதற்குக் கடினமான வழியும் அதுவே. லிப்ரே ஆபீஸின் பெரும்பகுதி சி++ மொழியில் ஆனது. சாதாரண மடிக்கணினியில் அதை மூலநிரலிலிருந்து முதன்முறை கட்டமைக்கவே பல மணி நேரம் ஓடும். சி++ தெரிந்து, பொறுமையும் இருந்தால் புதியவர்களுக்கென்று ஒதுக்கிய ‘ஈஸி ஹேக்ஸ்’ வேலைகளில் ஒன்றை எடுங்கள். உங்கள் மாற்றம் கெரிட் என்ற நிரல் பரிசீலனைத் தளத்தில் மற்றவர்களின் பரிசீலனைக்குப் போகும். திருத்தச் சொல்வார்கள், அது நிராகரிப்பு ஆகாது.

தமிழும் ஆங்கிலமும் சரளம் என்றால் வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் மொழிபெயர்க்கலாம். உலாவி மட்டும் போதும். ஆனால் ஏற்கெனவே மொழிபெயர்த்தவர்கள் எந்தக் கலைச்சொல்லை ஆண்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரே கட்டளைக்கு மெனுவில் ஒரு சொல், உதவிப் பக்கத்தில் இன்னொரு சொல் என்றால் பயனர்தான் திண்டாடுவார்.

வாரத்தில் ஒரு மணி நேரம்தான் இருக்கிறதா? பிறர் கொடுத்த, இன்னும் உறுதியாகாத புகார்களை உங்கள் கணினியில் செய்து பாருங்கள். ‘எனக்கும் நடக்கிறது’, ‘எனக்கு நடக்கவில்லை’ இரண்டுமே பதிப்பு விவரத்தோடு வந்தால் பயனுள்ள தகவல்கள். நேரமே இல்லாதவர்கள் நன்கொடை தரலாம். அறக்கட்டளையின் செலவுகள் பெரிதும் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் நன்கொடை கொடுத்ததால் உங்கள் புகார் வரிசையில் முன்னால் போகாது. அந்த முன்னுரிமை வேண்டுமென்றால் கட்டணச் சேவைதான் வழி.

எதைத் தேர்வது?

மாணவர், வீட்டுப் பயனர்: கேள்வி-பதில் தளம். கோளாறை மீண்டும் மீண்டும் வரவைத்துக் காட்ட முடிந்தவர்: பக்ஸில்லா. கெடு உள்ள அலுவலகம்: கட்டணச் சேவை. பங்களிக்க விரும்பியும் எங்கே தொடங்குவதென்று புரியாதவருக்கு என் பரிந்துரை புகார்களைச் சோதித்து உறுதிப்படுத்துவது. நிரல் தெரிய வேண்டியதில்லை, யாருடைய அனுமதியும் தேவையில்லை. நல்ல புகார் எப்படி இருக்கும் என்பதும் பிடிபட்டுவிடும். அடுத்த முறை உங்களுக்கே உதவி தேவைப்படும்போது, பதில் வரும்படி கேட்கத் தெரிந்திருப்பீர்கள்.